சோனியாவுக்கு ஒரு வாய் தண்ணீர்

“தண்ணி தண்ணின்னு கேட்டுச்சே அத்த, ஒரே ஒரு டம்ளர்—”

“எங்கம்மா மட்டும் எனக்குக் குடுத்தாளா? பச்ச ஒடம்பு, வயிறு ஊதிப்பூடும்னு—”

“நர்ஸக்கா படிச்சிப் படிச்சி சொன்னாங்களே!”

“சாவட்டும்னா எம் பொண்ண கூட்டியாந்து வச்சிக்கினேன்?”

ஆரம்பாக்கத்தில் ஞானம்மாவும் மருமகன் அந்தோணியும் இந்தச் சண்டையை நான்கு வருடமாக வார்த்தை மாறாமல் போடுகிறார்கள்.

ஞானம்மாவின் மகள் சோனியா கர்ப்பமாகி ஐந்தாம் மாதம் பிறந்ததிலிருந்து அந்தோணியின் வீட்டில் யாருக்கும் ரத்தம் சிந்தவில்லை. கும்மிடிப்பூண்டியில் தகடு வெட்டும் அந்தோணி ஒருநாள் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு வந்தான். அவள் தொட்டாள், நின்றுவிட்டது. அப்புறம் ஷிப்ட் முடிந்த ஆட்களெல்லாம் துணி சுற்றிய விரலோடு வாசலில் வரிசை கட்டினார்கள். பால் உறை ஊற்றாமலே தயிரானது. வருடக்கணக்காக ஒழுகிய குழாயும் அடங்கியது. கிராம நர்ஸ் கல்பனா, கார்டில் எடையை எழுதிக்கொண்டே, பிள்ளை சுமக்கிறவர்கள் எல்லோருக்கும் ரத்தம் இப்படி இறுகும், பிரசவத்தில் கொட்டிப் போகாமலிருக்க உடம்பே போடும் காவல் அது, இவளுக்குக் கொஞ்சம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான் என்றாள். “கொழந்த பொறந்தாலும் காவல் ஒடனே போவாதும்மா. ஆறு வாரம் ஆவும். நடக்க விடுங்க, தண்ணி நெறைய குடுங்க.”

ஆஸ்பத்திரியில் குழந்தை ஸ்நேகா பிறந்தபோது ஒரு கையளவு ரத்தம்கூடப் போகவில்லை. தாய்வீட்டுக்கு வந்ததும் ஞானம்மா, தன் அம்மா தனக்குச் செய்தபடியே, மகளைப் பாயைவிட்டு எழவிடவில்லை. சுட்ட கருவாடு, பூண்டு, தொண்டை நனைய ஒரு சங்கு வெந்நீர். ஒன்பதாம் நாள் இடது கெண்டைக்கால் வீங்கிக் கொதித்தது. உடம்பில் நீர் கோத்துக்கொண்டது என்று அந்தச் சங்கையும் பாதியாக்கினாள். பன்னிரண்டாம் நாள் காலை சோனியா எழுந்து உட்கார்ந்தாள், நெஞ்சைப் பிடித்தாள், “அம்மா, தண்ணி” என்றாள். சொம்பை எடுத்துத் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்கு ஏறிவிட்டதாம்.

அன்றிலிருந்து ஞானம்மா தினமும் ஒரு குடம் தண்ணீரைக் கல்லறையில் ஊற்றுகிறாள். அது மண்ணில் இறங்குவதில்லை. தயிர்போல் வெள்ளையாக உறைந்து நிற்கிறது. இப்போது தோளுயரம். ஆடுகள் நக்கிப் பார்த்துவிட்டுப் போகின்றன. காலை ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள் ஜன்னல் வழியே பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு, விட்ட பேச்சைத் தொடர்கிறார்கள். போன மாதத்திலிருந்து ஞானம்மா ஊற்றுவதற்கு முக்காலி எடுத்துப் போகிறாள்.

ஏறி நின்று, குடத்தைச் சாய்த்து, குனிந்து சொல்கிறாள்:

“இந்தா கண்ணு, எவ்ளோ வோணுமோ குடி. அம்மா தடுக்கமாட்டேன்.”