ஒரு சுவர், இரண்டு கரை

தாராவியில் இசக்கிசெல்வி வீட்டுச் சிமெண்டுத் தரையில் வைகாசிக் கடைசியில் கடற்புல் முளைத்தது. நாடா மாதிரி நீளப் புல்; தண்ணீரே இல்லாமல் அலைக்கு ஆடுவதுபோல் ஆடியது. அழகு என்று நினைத்துவிடாதீர்கள், கண்ணுகளா. இலையெல்லாம் சளி, அடியில் கறுப்புச் சேறு, சேற்றில் புழு, அழுகின முட்டை நாற்றம். சோற்றுத் தட்டைக் கீழே வைத்தால் நத்தை ஏறியது.

தப்பு அவளுடையதுதான். சாக்கடை உள்ளே வராமலிருக்க அந்தச் சந்தில் மழைக்கு முன் தரையை உயர்த்துவார்கள். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரையிலிருக்கும் குலசாமி கோயிலிலிருந்து கொண்டுவந்த பிடிமண்ணை அவள் சிமெண்டுக்கு அடியில் போட்டாள். பீடம் கட்டிச் சாமியை நிறுத்த வேண்டிய மண்ணை மிதிக்கப் போடலாமா? அதைப் பார்த்து, அடுத்த வீட்டு சஃபீனாவும் கொங்கணக் கரை ரத்னகிரியிலிருந்து தன் ஊர்க் கழிமுகத்துச் சேற்றை வரவழைத்துப் போட்டாள். அங்கேயும் முளைத்தது, சுண்டுவிரல் நகம் அளவு இலையோடு. பினாயிலுக்கும் பிளீச்சிங் பவுடருக்கும் இரண்டு புல்லும் தடித்தன.

நாற்றம் மாவில் இறங்கியதுதான் பெரிய அடி. இசக்கிசெல்வி அவிக்கும் இட்லியைப் புருஷன் வேல்ராஜ் மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் முனையில் விற்று வந்தான். வாடிக்கைக்காரர் ஒருவர் வாயில் போட்டதை அவன் கால்மேலேயே துப்பினார்.

"இன்னும் நாலு நாள் கடை போடலேன்னா முனைய வேறவன் பிடிச்சிருவாம்ட்டி" என்றான் வேல்ராஜ்.

ஆனி மழை இறங்கியதும் சஃபீனா வீட்டுப் புல் ஒரே வாரத்தில் கரைந்து, தரை பளிச்சென்று கிடந்தது. இசக்கிசெல்வி வீட்டில் முழங்கால் உயரம். கொங்கணக் கரையில் ஆனி மழை கலக்கும் சேற்றில் புல் மாயும். தூத்துக்குடிக் கரையில் அப்போது வெயில், ஐப்பசி மழைக்குத்தான் கலையும். தரைகளுக்குப் பம்பாய் மழை ஒரு பொருட்டில்லை. அவை தத்தம் கரையின் பருவத்தைப் பார்த்தன.

"கிரைண்டர என் வீட்ல போடுக்கா" என்றாள் சஃபீனா. இருபது வருஷத்தில் சந்துப் பேச்சு அவளுக்கும் படிந்திருந்தது.

"அந்தப் பொம்பில் கருவாட்டு வீச்சத்துலயா? நெத்திலின்னாலும் பரவால்ல. குமட்டுதுட்டி."

"அரே, உன் வீட்ல புழு நெளியுது, என் கருவாடு நாறுதாக்கும்? மூக்க உன் வீட்லயே கழத்தி வச்சிட்டு வா."

முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு இசக்கிசெல்வி போனாள். இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். மாவு பொங்கி வந்தது. முனை போகவில்லை.

ஐப்பசியில் அவள் வீட்டுப் புல் கலைந்து தரை வெறுமையானது. சஃபீனா வீட்டில் நகம் நகமாக இலை விட்டது. கிரைண்டர் திரும்பி வந்தது, கூடவே சஃபீனாவின் அடுப்பும் பாயும் பொம்பிலும். மறுவருஷம் நடுச்சுவரில் வழி உடைத்தார்கள். இப்போதும் இருவரும் மூக்கைக் கட்டிக்கொண்டு, ஒருத்தி வீட்டை ஒருத்தி திட்டிக்கொண்டுதான் அந்த வழியாகப் போகிறார்கள். மாவில் கடல் வீச்சம் லேசாக இருக்கத்தான் செய்கிறது. மாட்டுங்காக்காரர்கள் உப்பு சரியாக இருக்கிறது என்கிறார்கள். இசக்கிசெல்வி உப்புப் போடுவதை நிறுத்தி மூன்று வருஷம் ஆகிறது.