கேப்டன் வீட்டு வராந்தா

கேப்டன் வீட்டுச் சாவி இந்த ஜூனில்தான் என் கைக்கு வந்தது. பூங்கா அலுவலகத்துப் பெண் அதை மேசைமேல் வைத்துவிட்டு, வெந்நீர்க் குழாய் மக்கர் பண்ணும், ஜன்னல் கொக்கி தளர்வு என்று என்னென்னவோ சொன்னாள். ஒன்றும் என் காதில் ஏறவில்லை. சாவியைக் கைக்குள் பொத்திக்கொண்டு வெளியே வந்தேன். வண்டியில் காத்திருந்த என் புருஷன் ஓரின், லாட்டரி விழுந்த மாதிரி முகத்தை வைத்திருக்கிறாயே என்றான். அப்படித்தான் இருந்தது எனக்கு.

ஃபோர்ட் கெலியர் என்ற பழைய படைக்கோட்டையில் அதிகாரிகள் இருந்த செங்கல் வீடுகளைப் பூங்காக்காரர்கள் வாடகைக்கு விடுகிறார்கள். ஒவ்வொரு ஜூனிலும் எங்கள் குழு ஒரு வாரத்துக்கு அந்த வரிசை மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு, அந்தக் காலத்துக் குதிரைப்படையாக வேஷம் போட்டு வாழும். ஊரில் டிராக்டர் விற்பவனும் பல் பிடுங்குபவனும் இங்கே வந்தால் லெப்டினன்ட், சார்ஜன்ட். ஆண்கள் கம்பளிச் சீருடைக்குள் வெந்து சாவார்கள். பெண்கள் நாங்கள் கணுக்கால் தெரியாத பாவாடையில் தடுக்கி விழுவோம். ஐஸ் பெட்டியைக்கூடச் சாக்குப் போட்டு மூடிவைப்போம். இடம் கிடைக்காதவர்களுக்கு மைதானத்துக்கு அந்தப் பக்கம், ஆற்றோரமாகக் கூடாரம்.

யாருக்கு எந்த வீடு என்பதையும் அந்தக் காலத்து விதிதான் முடிவு செய்யும். பதவியில் மூத்தவன் தனக்குக் கீழே இருக்கும் யாருடைய இருப்பிடத்தையும் கேட்டு வாங்கலாம். இடம் போனவன் தனக்குக் கீழே இருப்பவனைத் தள்ளுவான், அவன் அடுத்தவனை. சிப்பாய்கள் இதைச் செங்கல் சரிவு என்பார்களாம். நிஜப் படையில் இதனால் எத்தனை குடும்பங்கள் வயிறெரிந்தனவோ, எங்களுக்கு இதில் ஏகப்பெருமை.

கேப்டனாக இருந்தவன் எம்மெட். அவன் மனைவி நெல்டா. சாயங்காலம் கொடி இறங்கியதும் ஆளாளுக்கு ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வராந்தாவுக்குப் போய்விடுவார்கள். நாங்கள் இரண்டு வீடு தள்ளி இருந்தோம். நானும் போவேன், ஓரமாக உட்காருவேன். என் காட்டுச் செர்ரி ஜெல்லியை யாராவது புகழ்வதற்குள் நெல்டா ஏதாவது சொல்லிவிடுவாள், எல்லோரும் அவள் பக்கம் திரும்பிவிடுவார்கள். அப்படியொன்றும் பெரிதாகச் சொல்லியிருக்கவும் மாட்டாள். அந்த அகலமான வராந்தா இருந்தால் எந்தக் கழுதையைச் சுற்றியும்தான் கூட்டம் கூடும் என்று நான் மனதுக்குள் கறுவிக்கொள்வேன்.

பிப்ரவரியில் எம்மெட் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தபோதே சாய்ந்து செத்துப்போனான். அடுத்த மூத்தவன் ஓரின். வசந்தக் கூட்டத்தில் அவனைக் கேப்டன் ஆக்கினார்கள். நெல்டாவுக்கு எந்த வீடு என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள். படையில் அதிகாரி செத்தால் அவன் மனைவிக்குக் கோட்டையில் இடம் கிடையாது, வீட்டைக் காலி செய்தாக வேண்டும். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நெல்டாவே எழுந்து, விதி விதிதான், ஆற்றோரம் ஒரு கூடாரம் போதும் என்றாள். பாவம் என்று எல்லோரோடும் சேர்ந்து நானும் சொன்னேன். உள்ளே ஒரே கொண்டாட்டம்.

முதல் நாளே வராந்தாவைக் கழுவித் துடைத்தேன். எலுமிச்சைச் சாறு கலக்கினேன், ருபார்ப் தண்டு அடைத்த இனிப்புப் பை ஒன்று சுட்டேன், நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டேன். கொடி இறங்கியது. நாற்காலிகளோடு ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டுவிட்டு, படி ஏறாமல், மைதானத்தைக் கடந்து ஆற்றோரம் போய்விட்டார்கள். என்ன இப்படி என்று பக்கத்து வீட்டு லெப்டினன்ட் ராய்ஸைக் கேட்டேன். அவன் நெளிந்தான்.

"ஆத்தோரம் காத்து நல்லா வருது மார்லிஸ். வேற ஒண்ணும் இல்ல."

கொஞ்ச நேரம் கழித்து ஓரினும் நாற்காலியைத் தூக்கினான். அந்த அரைவட்டத்தின் நடுவில் நான் ஒருத்தி, யாரும் வெட்டாத ஒரு முழு ருபார்ப் பையோடு.

மறுநாளும் அதே கதை. நெல்டா என்ன தங்கத்திலா சமைத்துப் போடுகிறாள்? அவள் காபி கசாயம். இரும்புச் சட்டியில் பீச் பழம் போட்டு அவள் செய்கிற பண்டம் அடிப்பிடித்துக் கரியாகத்தான் வரும். அதைச் சுரண்டித் தின்றுவிட்டுச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு மைதானம் தாண்டி என் வீட்டுக்குள் வந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதையாகப் போனதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காற்றுதானே? காற்றுதான் காரணமென்றால் அந்தக் காற்று எனக்கு வேண்டும்.

மூன்றாம் நாள் காலை அடுப்படியில் ஓரினிடம் சொன்னேன்.

"பைத்தியமா உனக்கு? செங்கல் வீட்ட விட்டுட்டுக் கூடாரமா?"

"நீ கேப்டன். கேட்டா குடுத்துத்தான் ஆகணும்."

"சிரிப்பாங்க மார்லிஸ்."

"சிரிக்கட்டும். நீ கேளு."

காலை அணிவகுப்பில் அவன் கேட்டான். ஆற்றோரம் நெல்டா இருக்கும் முதல் கூடாரம் கேப்டனுக்கு வேண்டும் என்றான். சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை என்று கண்டதும் சிரிப்பு நின்றது. நெல்டா காபிக் கோப்பையோடு நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானத்துக்குள் காலி செய்துவிடுகிறேன் என்றாள்.

அப்போது ராய்ஸ் ஓரடி முன்னால் வந்தான். ஓரினுக்கு அடுத்த மூத்தவன் அவன், காலியாகும் கேப்டன் வீடு முறைப்படி அவனுக்குத்தான் வர வேண்டும்.

"எனக்கு வேணாம். நெல்டாவே அங்க போகட்டும்."

மைதானமே கைதட்டியது. இதை நான் கணக்கில் வைக்கவே இல்லை. நெல்டா வேண்டாம் என்றாள், எதுக்குப்பா என்றாள், கூடாரமே சௌகரியம் என்றாள். எங்கள் பக்கத்தில் ஒரு துண்டு கேக்கைக்கூட மூன்று தடவை மறுத்த பிறகுதான் வாங்கிக்கொள்வோம். அதனால் அவள் மறுப்பை யாரும் மறுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆளுக்கொரு மூட்டையாக அவள் சாமானைத் தூக்கிக்கொண்டு போய் வராந்தாவில் வைத்துவிட்டு வந்தார்கள்.

அன்று சாயங்காலம் கூடார வாசலில் உட்கார்ந்திருந்தேன். காற்று நன்றாகத்தான் வந்தது. கொடி இறங்கியது, நாற்காலிகள் எல்லாம் கேப்டன் வீட்டு வராந்தாவுக்குப் போயின. கொசு என்னைப் பிடுங்கியது. இனி எனக்கு நானே சாக்காகச் சொல்லிக்கொள்ள வராந்தாவும் இல்லை, காற்றும் இல்லை. அவர்களுக்கு அவளைப் பிடித்திருக்கிறது, என்னைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

குன்றுகளின் பின்னாலிருந்து மேகம் திரண்டு வந்து தூறல் விழுந்தது. எல்லோரும் நாற்காலிகளை மடக்கிக்கொண்டு அவரவர் இடத்துக்கு ஓடினார்கள். நெல்டா மட்டும் உள்ளே போகவில்லை. படியில் இறங்கி, தூறலில் உட்கார்ந்திருந்தாள். என்ன திமிர் இது, ஜெயித்துவிட்டேன் பார் என்று எனக்குக் காட்டவா என்று தோன்றியது. கேட்டுவிடுவது என்று சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு போனேன்.

காலையில் கொண்டுவந்து வைத்த மூட்டைகள் கதவோரம் அப்படியே கட்டு அவிழாமல் கிடந்தன. உள்ளே போகாமல் இங்கே என்ன பண்ணுகிறாய் என்றேன். கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன்.

"கதவு வரைக்கும் போறேன். அதுக்கு மேல கால் வரமாட்டேங்குது."

 அவள் ஈரமான பாவாடையைப் பிழிந்தாள்.

"அவன் இல்லாம நான் அந்த வீட்டுக்குள்ள இருந்ததே இல்ல மார்லிஸ். ஜன்னல் பக்கம் அவன் படுப்பான். ராத்திரி பூரா குறட்டை. நான் திட்டிக்கிட்டே இருப்பேன். வீடு உங்களுக்குப் போகுதுன்னு சொன்னப்ப, உன்னைக் கட்டிப்பிடிச்சு நன்றி சொல்லணும்போல இருந்துச்சு. கூச்சமா இருந்துச்சு, சொல்லல."

 கேப்டன் மனசு மாறிவிட்டார், கூடாரத்துக்குப் போ என்றேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். ஓரினைக் கூப்பிட்டேன். ஒரே நாளில் எத்தனை தடவைதான் சுமப்பது என்று முனகிக்கொண்டே அவளுடைய மூட்டைகளை அங்கே கொண்டுபோய், எங்களுடையதை இங்கே கொண்டுவந்தான்.

மழை வலுத்தது. காலையில் மிஞ்சிய பீன்ஸைச் சூடுபண்ணித் தின்றோம். ஓரின் படுக்கையறைக்குப் போய்ப் பூட்ஸைக் கழற்றிவிட்டு, ஜன்னல் பக்கமாகக் கையை விரித்துச் சாய்ந்தான். நான் வாசலில் நின்று பார்த்தேன். நல்லவன்தான். கேட்டதைச் செய்வான், ஒரு சண்டை இழுக்க மாட்டான்.

"ஓரின், நான் செத்துப்போயிட்டா, இந்த ரூம்ல உனக்குத் தூக்கம் வருமா?"

அவன் யோசித்தான். எதைக் கேட்டாலும் யோசித்துத்தான் பதில் சொல்வான், பொய் சொல்லத் தெரியாது.

"ஏன் வராது? மெத்தை நல்லாத்தான இருக்கு."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். எனக்குக் கோபம் வரவில்லை. அவன் போய்விட்டால் எனக்கும் இங்கே தூக்கம் வந்துவிடும் என்பது எனக்கே தெரிந்திருந்தது. மைதானத்துக்கு அந்தப் பக்கம் மழைக்குள் நெல்டாவின் கூடாரம் விளக்கு வெளிச்சத்தில் மஞ்சளாகத் தெரிந்தது. அவளைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது, இத்தனை வருஷத்தில் எரியாத அளவுக்கு.