எண்பத்தாறாம் நிமிடம்

“நீங்க பாக்கவே இல்ல அங்கிள்.”

இந்த நாலு வார்த்தைக்குத்தான் யுகேந்திரனுக்கு இரண்டு வருடத் தடை. அவன் அடிக்கவில்லை, துப்பவில்லை, கெட்ட வார்த்தை ஒன்றுகூடச் சொல்லவில்லை. லிண்டோங் ரப்பர் தோட்டத்து கோல் கீப்பர் அவன். உடம்பெல்லாம் சேறும் புல்லுமாக எழுந்து வந்து, நடுவர் சவரியப்பனின் முகத்துக்கு நேரே நின்று அதைச் சொன்னான். சவரியப்பன் சிவப்பு அட்டையைத் தூக்கிக் காட்டினார். அன்றைக்கே உட்கார்ந்து அறிக்கையும் எழுதிவிட்டார். பந்து கோல் கோட்டை முழுதாகத் தாண்டியதைத் தெளிவாகப் பார்த்தேன் என்று ஒரு வரி. நடுவர் பொய் சொல்வதாக ஆட்டக்காரர் பழித்தார் என்று இன்னொரு வரி.

அந்தத் ‘தெளிவாக’தான் மூன்று வாரமாக அவர் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக் கிடந்தது.

அது தொண்ணூற்றைந்தாம் வருடத்துத் தோட்டக் கிண்ண இறுதியாட்டம். மலேசியாவில், மலாக்கா பக்கத்து அலோர் காஜா திடல். லிண்டோங்குக்கு ஒரு கோல், எதிரணி சிம்பாங் அம்பாட் தோட்டத்துக்கு ஒன்று. எண்பத்தாறாம் நிமிடத்தில் சிம்பாங் அம்பாட்டுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. பந்து கும்பலுக்குள் விழுந்தது, யுகேந்திரன் கோட்டருகே அதை அணைத்துக்கொண்டு விழுந்தான். அடுத்து சிம்பாங் அம்பாட் பையன்கள் கையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், சவரியப்பன் விசில் ஊதி, கோல் என்று நடுக்கோட்டைக் காட்டினார். இதற்கு நடுவில் என்ன நடந்தது என்று யோசித்தால் உறுமிச் சத்தம் மட்டுமே நினைவுக்கு வந்தது. பந்தைக் காணவே காணோம்.

அவர் தண்ணீர் இலாகாவில் கிராணி, குமாஸ்தா வேலை. இருபது வருடமாகத் தோட்டத்து ஆட்டங்களுக்கு விசில் ஊதுகிறவர். இன்றைக்கு லிண்டோங் முழுக்க அவர் எதையோ வாங்கிக்கொண்டார் என்று பேச்சு. மோட்டார் சைக்கிள் சீட்டை யாரோ கத்தியால் கிழித்திருந்தார்கள். மாதா கோயிலில் பூசைக்குப் போனால் அவரும் மனைவி பாட்ரீசியாவும் உட்காருகிற பெஞ்சில் மற்றவர்கள் உட்காருவதில்லை. பாட்ரீசியா ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டாள். வாங்கினீர்களா என்று கேட்கவில்லை. பார்த்தீர்களா என்று கேட்டாள். பார்த்தேன் என்றார். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வியாழக்கிழமை யுகேந்திரனின் அம்மா பெத்தம்மாள் பஸ் பிடித்து சவரியப்பன் வீட்டுக்கு வந்தாள். பால் மரம் வெட்டிவிட்டு, குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மலாக்காவில் ஒரு தொழிற்சாலை தன் குழுவில் ஆடக் கீப்பர் தேடுகிறதாம். ஆட்டத்தோடு ஸ்டோரில் நிரந்தர வேலையும் கொடுக்கிறார்களாம். பையனைப் பார்த்துப் பிடித்துப்போய்விட்டது. தோட்டப் பந்தாட்டச் சங்கத்திலிருந்து, இவன் மேல் தடை எதுவும் இல்லை என்று ஒரு கடிதம் வேண்டும். திங்கட்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் வேறு ஆள். மூத்தவன் குடித்துக் கெட்டான், இவன் ஒருவன்தான் என்றாள். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் மனு கொடுத்திருப்பதாகவும் சொன்னாள்.

“அண்ணே, அந்த வீடியோக்கார சேகரன் முழு ஆட்டத்தையும் எடுத்தானாமே. போன வருஷம் உலகக் கிண்ணத்துல ஒரு கோல பத்து தடவ திருப்பிப் போட்டுக் காட்டுனாங்க. எம்மவன் விசயத்த ஒரே ஒரு தடவ போட்டுப் பாக்கக் கூடாதா?”

சவரியப்பனுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. நடுவர் பயிற்சியில் யாராவது கேமரா வைத்தால் என்ன என்று கிளப்பும்போதெல்லாம் முதலில் எழுந்து மறுக்கிறவர் அவர்தான். டிவிப் பெட்டி பார்த்துச் சொல்வதற்கு நடுவர் எதற்கு, ஊதின விசிலை ஊதவில்லை என்று ஆக்கினால் நாளைக்கு எவன் மதிப்பான் என்பார். அதையே பெத்தம்மாளிடமும் சொல்ல வாயெடுத்தார், வரவில்லை. பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் லைன்ஸ்மேனாக நின்ற திலீபனைத் தேடிப் போனார். அவன் கூசாமல் சொன்னான், நீங்கள் கையைக் காட்டினீர்கள், நான் கொடியைத் தூக்கினேன், நான் உங்களைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று.

சனிக்கிழமை மத்தியானம் சேகரனின் கடைப் படி ஏறினார். கல்யாணம், காது குத்து, பூப்புனித நீராட்டு என்று எடுக்கிறவன் சேகரன். பந்தாட்டம் எடுத்தது அதுவே முதல் தடவை. டேப்பைப் போட்டு எண்பத்தாறாம் நிமிடத்துக்கு ஓட்டினான். கார்னர் எடுக்கிறவன் கையைத் தூக்கினான், ஓடி வந்தான். உறுமி அடிக்கத் தொடங்கியது. அவ்வளவுதான், படம் சட்டென்று திரும்பி மேடைக்குப் போய்விட்டது. பிந்தி வந்த சிறப்பு விருந்தினர், டத்தோ பட்டக்காரர், படியேறுகிறார். சங்கத் தலைவர் காளிமுத்து தட்டிலிருந்து பொன்னாடையை எடுத்து உதறுகிறார்.

“கோவிச்சுக்காதீங்க அங்கிள். மேளம் அடிச்சா கேமராவத் திருப்பணும்னு கை பழகிப் போச்சு. தாலி மிஸ் ஆச்சுன்னா உதைப்பாங்கல்ல.”

சவரியப்பனுக்கு மூச்சு வந்தது. ஒன்றும் தெரியவில்லை, எந்தப் பக்கமும் இல்லை என்று நாற்காலியை விட்டு எழப் போனார். அப்போதுதான் அதைக் கண்டார். டத்தோவின் தோளுக்கு மேலே, படத்தின் ஓரத்தில், கட்டை விரல் அளவுக்கு நடுவரின் கறுப்புச் சட்டை. திடல் முழுக்க கோல் பக்கம் திரும்பியிருக்க, அது ஒன்று மட்டும் மேடையைப் பார்த்து நின்றது. கைகள் தொங்கின. கழுத்து மேடைப் பக்கம் எட்டியிருந்தது. பின்னால் கூச்சல் கிளம்பியதும் தலை வெடுக்கென்று திரும்பியது, உடனே விசில்.

திருப்பிப் போடச் சொன்னார். மறுபடியும் சொன்னார். எட்டாவது தடவையில் எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. இருபது வருடச் சேவைக்கு இந்த வருடம் உனக்கும் ஒரு பொன்னாடை உண்டு என்று காளிமுத்து காதைக் கடித்திருந்தார். உறுமி அடித்ததும், தட்டில் இரண்டு இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். இரண்டு இருந்தது.

சேகரனும் கவனித்துவிட்டான். குரலைத் தாழ்த்தினான்.

“இதுக்கு மேல ஒரு கல்யாணத்த ஏத்திரவா அங்கிள்? யாருக்கும் தெரியாது.”

சரி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. பட்டனை அழுத்த சேகரன் கை நீட்டியபோது சவரியப்பன் டேப்பைப் பிடுங்கிக்கொண்டார். வழியில் மோட்டார் சைக்கிளை இரண்டு தடவை ஓரங்கட்டினார். பாலத்தில் நின்று ஆற்றைக்கூடப் பார்த்தார். டேப்பை எறிந்துவிட்டால் தொல்லை போய்விடும். பையனின் வேலையும் அதோடு போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு சங்கக் கட்டடத்தில் கூட்டம். பெத்தம்மாளும் யுகேந்திரனும் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார்கள். சவரியப்பன் டேப்பை மேசையில் வைத்ததும் காளிமுத்து அதைப் புறங்கையால் தள்ளினார். இதற்கெல்லாம் சட்டமே இல்லை, இன்றைக்கு ஒருவருக்குப் போட்டால் நாளைக்குத் தோட்டத்துக்குத் தோட்டம் ஆளுக்கொரு டேப்போடு வருவான், நடுவர் சொன்னது சொன்னதுதான் என்றார். எல்லாம் சவரியப்பன் இருபது வருடமாகச் சொன்ன வார்த்தைகள்.

“ஒரு தடவ போடுங்க தலைவரே. கையெடுத்துக் கும்புடுறேன்.”

நடுவரே கெஞ்சுவதைப் பார்த்து, டேப்பில் அவர் தீர்ப்புக்குப் பலமாக ஏதோ இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, காளிமுத்து சம்மதித்தார். உறுமி அடித்தது. பொன்னாடை விரிந்தது. செயற்குழுவில் ஒருவர், படம் நல்லா விழுந்திருக்கே, இந்த டேப்புல எனக்கு ஒரு காப்பி எடுக்கச் சொல்லு லா என்றார். காளிமுத்து திரையில் தன்னைப் பார்த்துச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். ஒருவர் கண்ணும் ஓரத்துக்குப் போகவில்லை. இப்போதுகூடச் சும்மா இருந்துவிடலாம்.

சவரியப்பன் எழுந்து போய்ப் படத்தை நிறுத்தி, டிவிக் கண்ணாடியில் விரலை வைத்தார்.

“இந்தக் கறுப்புச் சட்ட நான்தான். பந்து அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். தட்டுல எனக்கும் ஒன்னு இருக்கான்னு பாத்துக்கிட்டு நின்னேன். தம்பி சொன்னது உண்ம.”

காளிமுத்துதான் முதலில் தேறினார். கிண்ணம் கொடுத்தாகிவிட்டது, டத்தோ பேர் கெடும், உட்காரு சவரி, நாங்கள் எதையும் பார்க்கவில்லை என்றார்.

“நடுவர் சொன்னது சொன்னதுதான்னு இப்பதானே சொன்னீங்க. நான் அறிக்கைய மாத்துறேன். அவன் பழிக்கல, உள்ளத சொன்னான். தடைய எடுத்துக் கடுதாசி குடுங்க. இல்லன்னா இந்த டேப்ப லிண்டோங் கிளப்புல கொண்டுபோய் நானே போடுவேன்.”

காளிமுத்து அவரை முறைத்தார். பேரம் சீக்கிரமே முடிந்தது. கோல் கோலாகவே இருக்கும், கிண்ணம் சிம்பாங் அம்பாட்டிலேயே இருக்கும், டேப் சங்கத்தில் இருக்கும், சவரியப்பன் இனி விசில் தொடக்கூடாது, பையனுக்குக் கடிதம். காளிமுத்து இரண்டே விரலில் டைப் அடித்தார். முத்திரை குத்துகிறவரை சவரியப்பன் மேசையை விட்டு நகரவில்லை.

யுகேந்திரன் கடிதத்தை முழுக்கப் படித்தான். மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். சவரியப்பன் பக்கம் திரும்பாமல் மோட்டார் சைக்கிளை எடுக்கப் போனான். பெத்தம்மாள் மட்டும் வாசலில் நின்றாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று சவரியப்பன் தலையைக் குனிந்தார்.

“அப்ப அது கோலு இல்லதானே அண்ணே?”

“தெரியலம்மா. அது மட்டும் எதுலயும் இல்ல.”

அவள் படியிறங்கப் போய்த் திரும்பினாள்.

“வாங்கிக்கிட்டு செஞ்சீங்கன்னுதான் இத்தன நாளா வயிறெரிஞ்சேன். அப்படி வாங்கியிருந்தாக்கூட, எம்மவன் ஆட்டத்த ஒரு பொருட்டா நெனச்சுத்தானே கெடுத்தீங்கன்னு மனசு ஆறியிருக்கும். நீங்க வேடிக்கையில்ல பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க.”

மகன் ஹாரன் அடித்தான். அவள் சேலையைச் செருகிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.