நாலாம் மாடியில் பதினாறு நாள்

கொழும்பு ஆறு என்கிற வெள்ளவத்தையிலே, லிஃப்ட் வசதியுள்ள கட்டடம் ஒன்றின் நாலாம் மாடியிலே, மின்சாரக் கட்டணத்தை நாள் தவறாமல் கட்டிக்கொண்டே பதினாறு நாள் இருட்டில் குடியிருந்த குடும்பம் ஒன்றுதான். அதன் தலைவன் நான். பெயர் தனஞ்சயன். இதை நான் கொஞ்சம் வெட்கத்தோடு சொல்ல வேண்டும் என்பது என் மைத்துனர்களின் அபிப்பிராயம். நான் பெருமையோடுதான் சொல்வேன். அந்தப் பெருமையில் எனக்கு எவ்வளவு பங்கு என்பது வேறு விஷயம்.

என் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். காடு கரம்பை கண்டு வளர்ந்தவன் அல்ல நான். பொரளையில் பிறந்து வெள்ளவத்தையில் வளர்ந்தவன். பசு என்றால் எனக்குப் பால்மாப் பெட்டியில் இருக்கும் படம்தான். ஆனால் இரண்டாயிரத்து இருபத்திரண்டில், என் மகள் மிதுஷாவுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, அவளுடைய உடம்பு இன்சுலின் சுரப்பதை நிறுத்திக்கொண்டது. நாளுக்கு நாலு ஊசி என்றார் டொக்டர். மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும் என்றார். நாங்கள் பிரிட்ஜின் நடுத்தட்டைத் துடைத்துச் சாமி படம் வைக்கிற மாதிரி மருந்தை வைத்தோம். இரண்டு மாதம் கழித்து நாடே இருண்டுபோனது. ஒரு நாள் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லை.

பெற்றோலும் இல்லை. நான் இரவல் சைக்கிளில் பேலியகொடை மீன் சந்தைக்கு மிதித்துப்போய் ஐஸ் கட்டி வாங்கி வந்தேன். எங்கள் வீடு முழுக்கச் சூரை மீன் வாடை. மிதுஷா ஊசியைக் குத்திக்கொண்டே, "அப்பா, இன்னும் ஒரு கிழமை இப்பிடிப் போனா நான் நீந்தத் தொடங்கிடுவன்" என்றாள். நான் சிரித்தேன். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். குழாயிலும் தண்ணீர் வரவில்லை.

அப்போது முடிவெடுத்தேன். இனி என் பிள்ளையின் உயிர் வேறொருவனுடைய வயரில் தொங்கக் கூடாது. சொந்தக் காணி, சொந்தக் கிணறு, சொந்தச் சூரியன். நான் வேலை செய்வது காப்புறுதிக் கம்பனியில். மற்றவர்களுடைய வீடு எரியும், கார் மோதும் என்று நம்பியே இருபத்திரண்டு வருடம் சம்பளம் வாங்குகிறவன். அதனால் எனக்குப் பயப்படுவதில் தேர்ச்சி அதிகம்.

மூன்று வருடம் தேடினேன். கடைசியில் என்னோடு வேலை செய்யும் கந்தோர் நண்பன் மர்ஸூக், தன் மாமாவின் காணி ஒன்றைக் காட்டினான். புத்தளத்திலிருந்து உள்ளே, மூன்று ஏக்கர். நல்ல தண்ணீர். கண்ணுக்கு எட்டிய தூரத்தில் மின்கம்பம் கிடையாது. இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். மண்ணைக் கிள்ளிப் பார்த்தேன், கிணற்றுக்குள் கல் போட்டுக் காது கொடுத்தேன், வெயில் எந்தப் பக்கத்தால் விழுகிறது என்று திசைகாட்டி வைத்து அளந்தேன். ஜூன் மாதம் காணியை என் பேருக்கு எழுதிவிடலாம் என்றான் மர்ஸூக். வேலையை விட்டுவிட விண்ணப்பப் படிவமும் எடுத்து வைத்துவிட்டேன்.

என் மனைவி சுபோதினி கணக்கு ரீச்சர். பிழையான விடைக்கு ஏசுகிறவள் அல்ல. "எப்பிடி வந்தது எண்டு செய்து காட்டுங்கோ" என்று மட்டும் சொல்வாள். அது ஏச்சைவிட மோசமானது.

"அங்கை போய்ப் பிள்ளையின்ர மருந்து பழுதாப் போனா?" என்று கேட்டாள்.

"பழுதாகாது. சோலார், பற்றரி, சின்ன பிரிட்ஜ். எல்லாம் கணக்குப் போட்டு வைச்சிருக்கிறன்."

"நல்லது. அப்ப இங்கையே செய்து காட்டுங்கோ. மே மாதம் முழுக்க மெயின் சுவிச்சை இறக்கி வைப்பம். உங்கட பெட்டி முப்பத்தொரு நாள் மருந்தைக் குளிரா வைச்சிருந்தா, நானே வந்து காணி உறுதியிலை சாட்சிக் கையெழுத்து வைக்கிறன்."

"ஒரு நாள் பிழைச்சா?"

"ஒரு நாள் பிழைச்சா, பிழைதானே."

நான் சம்மதித்தேன். குழாய்த் தண்ணீரும் வேண்டாம் என்று வீரம் பேசினேன். அவள் அமைதியாக, "லிஃப்ட்டும் கரண்டிலைதான் ஓடுது" என்றாள். என் வாயை நான் கொஞ்சம் முன்னதாகவே மூடியிருக்க வேண்டும்.

பதினைந்து வயது மிதுஷா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு, "இன்சுலின் என்ர சாமான். வைக்கிறது எடுக்கிறது எல்லாம் நான்தான் பார்ப்பன். அப்பா, நீங்கள் பெட்டியைப் பாருங்கோ" என்றாள். அதுவும் நியாயமாகவே பட்டது.

மே முதலாம் திகதி, பெரிய பிரிட்ஜைச் சும்மா கிடக்க விடக்கூடாது என்று லொறியில் ஏற்றிக் கொட்டாஞ்சேனையில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்கு ஒரு மாத இரவலாக அனுப்பினேன். பல்கனிக் கம்பியில் சோலார் தகடுகளைக் கட்டினேன். காருக்குள் வைக்கிற சின்னக் குளிர்ப்பெட்டியைப் பற்றரியோடு இணைத்தேன். மிதுஷா மருந்துப் பெட்டிகளை உள்ளே அடுக்கி, வெப்பமானியை நடுவில் வைத்து மூடினாள். ஆறு பாகை. நான் கை தட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை.

வாளியோடு நாலு மாடி ஏறுவதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. என் முழங்கால்கள் இன்னும் என்னோடு பேச்சுவார்த்தையில் இல்லை. ஆனால் அக்கம்பக்கம் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

வெள்ளவத்தையில் வெளிநாடு போகிறவர்கள் யாருக்கும் சொல்லிவிட்டுப் போவதில்லை. கண்ணூறு பட்டு விசா நின்றுவிடும் என்ற பயம். விமானம் மேலே ஏறிய பிறகுதான் வட்ஸப்பில் படம் வரும். ஆகவே அயலட்டை தானாகவே குறிப்பறிந்துகொள்ளப் பழகிவிட்டது. லொறியில் பிரிட்ஜ் இறங்கிப் போனால் முதல் குறிப்பு. வீட்டில் விளக்கு எரியாவிட்டால் இரண்டாவது. மனிதர் படியில் மூச்சிரைத்துக்கொண்டு எதையும் சொல்லாமல் போனால் மூன்றாவது, அது நிச்சயம்.

மூன்றாம் நாள் மாலை, எதிர் பிளாட் பாலேஸ்வரி அன்ரி கதவைத் தட்டினார். கையில் வறுத்து இடித்த மிளகாய்த்தூள், இரண்டு பெரிய பை.

"தம்பி, நான் ஒருத்தருக்கும் மூச்சு விடமாட்டன். எந்த நாடு?"

"ஒரு நாடும் இல்லை, அன்ரி."

"ஓமோம், அப்பிடித்தான் சொல்லோணும். இது ரொறொன்ரோவிலை இருக்கிற என்ர மகளுக்கு. நீங்கள் வேற நாட்டுக்குப் போறதெண்டாலும் பரவாயில்லை. அங்கையிருந்து தபாலிலை போட்டுவிடுங்கோ."

"அன்ரி, நாங்கள் கரண்ட் இல்லாமல் இருந்து பார்க்கிறம். அவ்வளவுதான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொய் சொன்னாலும் கொஞ்சம் நம்பிறமாதிரிச் சொல்லு, ராசா" என்றார்.

பத்தாம் நாளுக்குள் எங்கள் இருட்டு அறை ஒரு ஏற்றுமதிக் கடையாகிவிட்டது. இரண்டாம் மாடி மாக்ரெட் மிஸ் லண்டனில் இருக்கும் தம்பிக்கென்று பருத்தித்துறை வடை கொண்டுவந்தார். நான் பல்கனியில் சிரட்டைக்கரி மூட்டியபோது அடித்த புகையைக்கூட ஒருவரும் முறையிடவில்லை. போகப்போகிற மனிதர்தானே என்ற பெருந்தன்மை. வாட்ச்மேன் சுனில் அய்யே மட்டும் வேறு கட்சி. "மாத்தயா, பில் கெவ்வே நெத்த?" என்று, பில் கட்டவில்லையா என்பதை, சிங்களத்தில் மிகவும் இரக்கத்தோடு கேட்டார். கட்டினேன் என்று சத்தியம் செய்தும் நம்பாமல் தன் டோர்ச் லைட்டை என் கையில் திணித்தார்.

பெட்டி மட்டும் அசையவில்லை. ஒவ்வொரு நாள் காலையும் "எத்தினை?" என்று கேட்பேன். மிதுஷா கொப்பியைப் பார்த்து "ஆறு" என்பாள். "ஏழு" என்பாள். நான் கந்தோரில் மர்ஸூக்கைக் கண்டு பெருவிரலை உயர்த்துவேன்.

பதினாலாம் நாள் மழை பிடித்தது. வெள்ளவத்தை மழை தெரியும்தானே, கடலும் வானமும் ஒரே சாம்பல். பதினைந்தாம் நாளும் சூரியன் எட்டிப் பார்க்கவில்லை. பதினாறாம் நாள் காலை ஆறு மணிக்குப் பெட்டியைத் திறந்தேன்.

இருபத்தொரு பாகை.

மிதுஷாவின் ஒரு மாத மருந்து. "சுபோ! ஐஸ்!" என்று கத்திக்கொண்டே பெட்டிகளை அள்ளினேன். ஒன்று கை தவறி விழுந்து திறந்துகொண்டது. உள்ளேயிருந்து உருண்டது ஒரு பென்சில். அடுத்ததைப் பிரித்தேன். இரண்டு பென்சில். எல்லாவற்றையும் பிரித்தேன். எல்லாம் பாவித்துக் குட்டையான பென்சில்கள்.

மிதுஷா பல் துலக்கியபடி வந்து நின்றாள். "கத்தாதேங்கோ அப்பா. மருந்து அதிலை இல்லை."

"எங்கை?"

"ரெண்டு பெட்டி பாலேஸ்வரி அன்ரி வீட்டிலை. ரெண்டு மாக்ரெட் மிஸ் வீட்டிலை. ஒண்டு மூண்டாம் மாடி ஷபீகா அன்ரி வீட்டிலை. அவையிட்டை ஜெனரேற்றர் இருக்கு."

"எப்ப இருந்து?"

"முதல் நாளே."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே. பெட்டி எத்தினை பாகை எண்டுதான் கேட்டனீங்கள். அதை நான் ஒரு நாளும் பொய்யாச் சொல்லேல்லை." கொப்பியை நீட்டினாள். ஆறு, ஏழு, ஆறு, எட்டு என்று பதினைந்து நாள். பதினாறாம் நாளுக்கு நேரே இன்னும் வெற்றிடம். மூன்று வீட்டுப் பிரிட்ஜ்களுக்கும் தனித்தனிப் பக்கம், தனித்தனிக் கணக்கு. "உங்கட பெட்டியை நம்பேல்லை எண்டில்லை அப்பா. ஒரு பெட்டியை மட்டும் நம்பேலாது."

சுபோதினிதான் முதலில் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கதிரையில் உட்கார்ந்தாள்.

"என்ன சிரிப்பு?"

"என்ர பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூம் பிரிட்ஜிலையும் ஒரு பெட்டி கிடக்கு. ஏப்ரல் முப்பதாம் திகதியே வாங்கி வைச்சிட்டன்."

தாயும் மகளும் ஒன்றாக என் பக்கம் திரும்பினார்கள். நான் வெப்பமானியைத் துடைத்தேன். நன்றாகவே துடைத்தேன்.

"அப்பா?"

"கந்தோர் கன்ரீன் பிரிட்ஜிலை," என்றேன். "தயிர்ச் சட்டிக்குப் பின்னாலை."

"எப்ப வைச்சனீங்கள்?" என்றாள் சுபோதினி.

"சோலார் தகடு வாங்கின அண்டைக்கு."

மூன்று வருடம் நாள் பார்த்து, திசை பார்த்து, மற்றவர்களுக்குப் பிரசங்கம் செய்த மனிதன், தன் திட்டத்துக்கே முதல் காப்புறுதி எடுத்திருக்கிறான். அன்று நாங்கள் மூவரும் சிரித்த சிரிப்பில், பாலேஸ்வரி அன்ரி விசா கிடைத்துவிட்டது என்றே முடிவு கட்டியிருப்பார்.

சிரிப்பு அடங்கிய பிறகு மிதுஷா கேட்டாள். "நான் போகவேண்டாம் எண்டு சொல்லேல்லை, அப்பா. அந்தக் காணிக்குப் பக்கத்து வீடு எவ்வளவு தூரம்?"

கிணற்றின் ஆழம் எனக்குத் தெரியும். மண்ணின் நிறம் தெரியும். டிசம்பரில் நிழல் எங்கே விழும் என்பதும் தெரியும். இது தெரியவில்லை. அந்த இடத்திலேயே மர்ஸூக்குக்குப் போன் போட்டேன்.

"மச்சான், காணிக்குப் பக்கத்தில ஆர் இருக்கினம்?"

"ஒரு மனுசன் இல்ல மச்சான்!" என்றான் அவன், பெருமை பொங்க. "அதுதானே அந்தக் காணிட விசேஷம்! ரெண்டு மைல் கட்டைக்கு அங்கால ஒரு வீடு இருக்கு, அதுலயும் ஆக்கள் வெள்ளாமைக்கு மட்டுந்தான் வாற. நீங்க கத்தினாலும் ஒருத்தருக்கும் கேக்காது!"

இந்த வசனத்தை அவன் எனக்கு முன்பும் சொல்லியிருக்கிறான். அப்போதெல்லாம் எனக்குப் புல்லரித்தது.

"மாமாட்டச் சொல்லுங்கோ, வேற ஆளுக்குக் குடுக்கச் சொல்லி," என்றேன். "நான் வாங்கேல்லை."

"ஏன் மச்சான், பொஞ்சாதி வேணாண்டதா?"

"இல்லை. நான்தான் வேண்டாமெண்டுறன்."

போனை வைத்த பிறகு மழைக்குள் போய்ச் சோலார் தகடுகளைத் துடைத்தேன். மழையில் நனைகிற தகட்டைத் துடைப்பது முட்டாள்தனம் என்று எனக்கும் தெரியும். மூன்று ஏக்கரைக் கைவிடுகிற மனிதனுக்குக் கைக்கு ஏதாவது வேலை வேண்டும். சுபோதினி வந்து பக்கத்தில் நின்றாள். வென்றவள் மாதிரி ஒரு சொல் சொல்லவில்லை. "பதினைஞ்சு நாள் எட்டுக்கு மேலை ஏறவிடேல்லை நீங்கள்," என்றாள். "வெள்ளவத்தை வெயிலுக்கு அது சின்னக் காரியம் இல்லை." அவள் மாணவர்களுக்கு அரைப் புள்ளிகூடச் சும்மா போடாதவள் என்பது அந்த நேரத்தில் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அன்று மாலை கந்தோரிலிருந்து என் தயிர்ச்சட்டி மருந்தை ஐஸ் பையில் வைத்து எடுத்துவந்தேன். மெயின் சுவிச்சை ஏற்றிக் குளிர்ப்பெட்டியைக் கரண்டில் சொருகினேன். நன்றி சொல்லி மருந்தெல்லாவற்றையும் அதிலே ஒன்றாக்க வேண்டும் என்று மிதுஷாவையும் கூட்டிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு இறங்கினேன். ஷபீகா அன்ரி கையை ஆட்டினார்.

"அத எடுத்துட்டுப் போக வேணாம். இங்கயே கெடக்கட்டும். அது இருக்குறதாலதான் இந்தப் புள்ள கிழமைக்கு ரெண்டு தரம் நம்மட ஊட்டுக்கு வருது. வேணுமெண்டா நீங்களும் ஒண்ட வெச்சிட்டுப் போங்க."

அவர் பிரிட்ஜைத் திறந்துவிட்டார். நான் என் பெட்டியைக் கதவுத் தட்டில் முட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அப்பா, கதவிலை வைக்கிறேல்லை. திறக்கத் திறக்கச் சூடு ஏறும். நடுத்தட்டு. பின்சுவரிலை முட்டக் கூடாது, உறைஞ்சிடும்."

"நானும் மொத நாள் இப்படித்தான் ஏச்சு வாங்கின," என்றார் ஷபீகா அன்ரி.

விருந்துக்கு வந்திருந்த அவருடைய சகோதரி, தேத்தண்ணீர்க் கோப்பையோடு குசினி வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மாஷா அல்லாஹ், என்ன கெட்டித்தனம்! இது யார்ட புள்ள?" என்று கேட்டார்.

ஷபீகா அன்ரி வாய் திறப்பதற்குள், "என்ர" என்றேன், நாலு மாடிக்கும் கேட்கிற சத்தத்தில்.