தூக்கத்தைப் பற்றிக் கேளுங்கள்

இல்லை, அப்போதே சொல்லியிருக்க வேண்டும், பேராசிரியர் கிரிகோராஷ் கதவுப் பிடியில் கைவைத்தபடி திரும்பிக் கேட்டாரே, இந்தப் பெண்ணை நீங்கள் முன்பு எப்போதாவது பார்த்ததில்லையே என்று, அந்த ஒரு மூச்சு நேரத்தில் பார்த்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தால் வேறொரு பிள்ளையைக் காட்டியிருப்பார்கள், அவ்வளவுதான், தேர்வின் விதியே அதுதான், தெரிந்த நோயாளி என்றால் வேறு நோயாளி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை... சொல்லத்தான் வாயைத் திறந்தாள் ஓட்டிலியா. அதற்குள் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த நர்சிசா முந்திக்கொண்டாள். “இவங்கள நான் பாத்ததே இல்ல சார்.” கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. கதவு சாத்திக்கொண்டது. பிறகு என்ன செய்ய முடியும், பின்னாலேயே ஓடிப்போய் அந்தப் பெண் பொய் சொல்கிறாள் என்றா சொல்வது? மனநோய் வார்டில் ஒரு பிள்ளை சொல்லும் பொய் வெறும் பொய்யாக இருப்பதில்லையே, அதற்கு ஒரு பெயர் வைப்பார்கள், அந்தப் பெயர் அவளுடைய கேஸ் தாளில் ஏறிவிடும், அப்புறம் அது இறங்காது. பிள்ளைக்காகத்தான் பேசாமல் இருந்தேன்... அப்படியா? இந்த நியாயம் அப்போதே தோன்றியதா, இல்லை இப்போது, எல்லாம் முடிந்து இந்த நடைவழி பெஞ்சில் முடிவுக்காகக் காத்திருக்கும்போது தோன்றுகிறதா?

ஜன்னலுக்கு வெளியே யாஷ் நகரத்து மார்ச் மாதம் அழுக்குப் பனியும் சேறுமாகக் கிடந்தது, டிராம் ஒன்று மேடேற முடியாமல் கிறீச்சிட்டது. ஐந்து வருடப் பயிற்சி, இன்று கடைசித் தேர்வு, தேறிவிட்டால் குழந்தைகளுக்கும் வளரிளம் பிள்ளைகளுக்குமான மனநல மருத்துவர் என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். கூடப் படித்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள், தோல் டாக்டரா போடி, ராத்திரி நிம்மதியா தூங்கலாம், பிள்ளைங்க மனசுல கையவிட்டா யாருக்குடி சுகம் என்றார்கள். அவள் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? பெரியவர்கள் உடைந்தபிறகு ஒட்டவைப்பதைவிட, பிள்ளைகள் உடையும் முன்பே கையில் ஏந்திக்கொள்ளலாம் என்று நினைத்தாள், இருபத்தாறு வயதில் அப்படி நினைக்க முடிந்தது... இப்போது அந்த வாக்கியத்தை நினைத்தால் யாரோ கல்யாணத்தில் எழுந்து நின்று பேசியதுபோல இருக்கிறது. வடக்கே எல்லைப் பக்கம் இருக்கும் அவளுடைய சொந்த ஊரில் இந்த வைத்தியத்துக்கு ஆளே இல்லை. மாவட்டம் முழுக்க ஒரு கிழவர் இருந்தார், அவரும் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், மருத்துவமனையில் அறை இருக்கிறது, கதவில் பலகை இருக்கிறது, நாற்காலிதான் காலி. அம்மா கடைத்தெருவில் முட்டைக்கோஸ் வாங்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், என் மக வர்றா, இனிமே நம்ம பிள்ளைங்கள தூக்கிக்கிட்டு யாஷுக்கு ஓட வேண்டாம் என்று. அம்மாவுக்குத் தெரியாது. ஜெர்மனியில் லைப்ஸிக் நகரத்து மருத்துவமனை அவளுக்கு இடம் வைத்திருப்பது யாருக்கும் தெரியாது, இந்தத் தேர்வில் தேறினால் போதும், கோடையில் வந்து சேருங்கள் என்றார்கள், அங்கே ஒரு வார்டுக்கு ஆறு மருத்துவர்களாம், பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச நேரம் தருவார்களாம். போகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பொய்யும் இல்லை.

ஆனால் நர்சிசா எப்படி இங்கே, அதுதான் புரியவில்லை, நர்சிசாவை அவள் குணமாக்கி அனுப்பிவிட்டாளே. இரண்டு குளிர்காலம் முன்பு, பயிற்சியின் ஒரு பகுதியாகச் சொந்த ஊருக்கு அனுப்பியிருந்தார்கள், அந்தக் கிழவர் அப்போது இன்னும் இருந்தார், அவருக்கு உதவியாக. பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள், பதின்மூன்று வயதுப் பெண், வகுப்பில் பேசுவதில்லை, சாப்பிடுவதில்லை, ஒருநாள் கரும்பலகை முன்னால் நின்று அப்படியே உறைந்துவிட்டாள் என்று. அம்மா இத்தாலியில், பிரெஷாவில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை, அப்பா எங்கே என்று யாரும் சரியாகச் சொல்லவில்லை, வீட்டில் இரண்டு தம்பிகள், அடுப்பு மூட்டுவது, மாமலிகா என்ற மக்காச்சோளக் களி கிண்டுவது, சின்னவனுக்குக் காது வலித்தால் எண்ணெய் காய்ச்சி விடுவது எல்லாம் இவள்தான். முதலில் பேசவே இல்லை. ஓட்டிலியாவும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள், வாரா வாரம், கணப்பு அடுப்புப் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அது ஒன்றுதான் அந்த வருடத்தில் அவள் ஒழுங்காகச் செய்த காரியம். பிறகு ஒருநாள் அந்தப் பெண் வாயைத் திறந்து, உங்க ஸ்வெட்டர் கிழிஞ்சிருக்கு டாக்டரம்மா, குடுங்க தைக்கிறேன் என்றாள். ஓட்டிலியாவுக்கு அழுகை வந்துவிட்டது, குணமாகத் தொடங்கிவிட்டாள் என்று நினைத்தாள், அப்படித்தான் கிழவரிடமும் சொன்னாள், அடுத்தவங்க மேல அக்கறை வருது சார், நல்ல அறிகுறி. கிழவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. வசந்தத்தில் பள்ளிக்கூடம் போனாள், சதை போட்டாள், இனிமே நீ இங்க வரவேண்டியதில்ல என்று தலையைத் தடவி அனுப்பினாள் ஓட்டிலியா. வரவேண்டியதில்லை என்றால் வரக்கூடாது என்று புரிந்துகொண்டாளோ? இப்போதுதான் இது தோன்றுகிறது. இரண்டு வருடமாகத் தோன்றவில்லை.

காலையில் அந்த அறையில், கதவு சாத்தியதும், எதற்காகம்மா அப்படிச் சொன்னாய் என்று கேட்டபோது நர்சிசா அவளை மேலும் கீழுமாகப் பார்த்தாள். காலைல ஏதாவது சாப்பிட்டீங்களா என்றாள். தலையணைக்கு அடியிலிருந்து எள் தூவிய ரொட்டி வளையம் ஒன்றை எடுத்துப் பாதி பிய்த்து நீட்டினாள், இதச் சாப்பிட்டுட்டுக் கேள்விய ஆரம்பிங்க, நேரம் ஓடுது. கேள்விகளை ஆரம்பித்தாள். வேறென்ன செய்ய... மனது எங்கோ இருக்க வாய் மட்டும் பாடப் புத்தக வரிசையில் கேட்டுக்கொண்டே போனது, எப்போதிலிருந்து, பசி எப்படி, படிப்பில் கவனம் எப்படி, யாராவது கூப்பிடுவதுபோல் குரல் கேட்கிறதா. பெண் ஒவ்வொன்றுக்கும் அளந்து பதில் சொன்னாள், கூடவும் இல்லை குறையவும் இல்லை, பேனாவின் வேகத்துக்கு ஈடாக. ஒரு கட்டத்தில் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, “தூக்கத்தப் பத்திக் கேளுங்க டாக்டரம்மா, மறந்துட்டீங்க. போன வாரம் ஒருத்தர் வந்தாரு, எல்லாம் கேட்டாரு, தூக்கத்த விட்டுட்டாரு, வெளிய போயி அழுதுட்டாராம், நர்ஸம்மா சொன்னாங்க” என்றாள். இங்கே வருகிறவர்களுக்கெல்லாம் இவளைத்தான் காட்டுகிறார்களாம், நல்லாப் பேசுறேனாம், அதனால. தூக்கத்தைப் பற்றிக் கேட்டாள். விடியறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துடும், மறுபடி வராது என்றாள், சொல்லிவிட்டு, ஓட்டிலியா எழுதிக்கொண்டாளா என்று தாளை எட்டிப் பார்த்தாள். பிறகு கடைசியாக, கேட்டே ஆகவேண்டிய அந்தக் கேள்வி, செத்துப்போயிடலாம்னு எப்பவாவது தோணுதா நர்சிசா? அதற்கும் உடனே பதில் வந்தது, “முன்னாடி தோணுச்சு, இப்ப இல்ல.” எவ்வளவு சுத்தமான பதில். தேர்வில் எழுதினால் முழு மதிப்பெண். எழுதிக்கொண்டாள், கீழே ஆபத்து குறைவு என்றும் எழுதி அறிக்கையைக் கொடுத்தாள். அந்தப் பதிலுக்கும் கேள்விக்கும் இடையில் ஒரு மூச்சாவது இருந்ததா? இருந்திருந்தால் அவள் நிம்மதியாக இருந்திருப்பாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர், நடுவில் கிரிகோராஷ், முன்னால் காப்பிக் கோப்பைகள், அவர் எழுந்து நின்றே கைகொடுத்தார், வாழ்த்துகள் டாக்டர், எவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒருவர் நோயாளியோடு உண்மையிலேயே உறவை உண்டாக்கிக்கொண்டு பேசியிருப்பதை அறிக்கையில் பார்க்கிறேன், அந்தப் பெண் உங்களிடம் சொன்னதில் பாதியை எங்களிடம் சொன்னதில்லை, தூக்கத்தை எவ்வளவு துல்லியமாகக் கேட்டிருக்கிறீர்கள் என்றார். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். ஓட்டிலியா நன்றி சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் உற்சாகமாகத் தொடர்ந்தார், உண்மையில் நாங்கள் அவளை இன்னும் ஒரு மாதம் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தோம், என்ன ஏது என்று பிடிபடவில்லை, நீங்கள் தந்த சித்திரம் தெளிவாக இருக்கிறது, நடுத்தர மனச்சோர்வு, ஆபத்து குறைவு, வெள்ளிக்கிழமை மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிடலாம், இங்கே கட்டிலுக்கும் அடிதடி. வெள்ளிக்கிழமை... எந்த வீட்டுக்கு? இன்னும் கொஞ்ச நாள் வைத்துப் பார்க்கலாமே சார் என்றாள். அவர் சிரித்தார். “ஆபத்து குறைவுன்னு நீங்கதானம்மா சொன்னீங்க. உங்க வார்த்தையில உங்களுக்கே நம்பிக்கை வேணும், இனிமே நீங்க ஸ்பெஷலிஸ்ட்.” இப்போது, இந்த நொடி, எனக்கு அவளைத் தெரியும் சார் என்று சொல்ல வேண்டும், சொன்னால் தேர்வு போகும், ஐந்து வருடமும் போகும், மறுபடி எழுத விடுவார்களோ மாட்டார்களோ, அந்தப் பெண்ணுக்கும் பொய்க்காரி என்று பெயர் விழும், ஆனால் வெள்ளிக்கிழமை அனுப்ப மாட்டார்கள்... வாயைத் திறந்தாள். அடுத்தவரைக் கூப்பிடுங்கள் என்று யாரோ சொன்னார்கள், அவள் பின்னால் கதவு திறந்தது, வெளிறிப்போன இளைஞன் ஒருவன் கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டே உள்ளே வந்தான், அவள் அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கினாள். ஒதுங்கியதும் வெளியே இருந்தாள். இவ்வளவு எளிதாகவா ஒரு காரியம் நடக்காமல் போகும்?

மாடிப்படியில் அம்மாவின் அழைப்பு பையில் அதிர்ந்தது, எடுக்கவில்லை. வார்டுக்குப் போய் வேட்டா என்ற மூத்த நர்ஸைப் பிடித்து, நர்சிசாமேல் கொஞ்சம் கண் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு மனது சரியில்லை என்றாள். வேட்டா மருந்துத் தட்டைக் கீழே வைக்காமலே சொன்னாள், “எல்லார் மேலயும் கண்ணு வச்சிருக்கேன் டாக்டரம்மா. தளத்துக்கு ரெண்டு பேரு, நாலு கண்ணு. அவ பரவால்ல, எங்களுக்கே ஒத்தாச பண்றா, சின்னதுங்கள அவதான் சாப்பிட வைக்கிறா.” அந்த வார்த்தை நெஞ்சில் எங்கோ போய் முட்டியது, ஒத்தாசை... கிழவர் கண்ணாடியைத் துடைத்தபடி சொல்லாமல் விட்டது, அடுத்தவர்களைப் பார்த்துக்கொள்வதுதான் இவளுடைய நோயே என்பதுதானோ என்று இப்போது புரிகிறதுபோல் இருந்தது, புரிந்து என்ன. சாப்பாட்டுக் கூடத்தில் நர்சிசா ஏழெட்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்றுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ஓட்டிலியாவைப் பார்த்ததும் முகத்தில் எதுவும் மாறவில்லை, யாராவது கவனிக்கிறார்களா என்று மட்டும் சுற்றிலும் பார்த்தாள்.

“பாஸாயிட்டீங்களா?”

பாஸாகிவிட்டேன் என்று தலையசைத்தாள். பக்கத்தில் சிறு நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள். காலையில நீ சொன்னியே நர்சிசா, இப்ப அப்படித் தோணலன்னு... அது நிஜமா? விரல்கள் நிற்கவில்லை, மூன்று புரியையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டே, தம்பிங்க பக்கத்து வீட்டுல இருக்காங்க, அந்தம்மாவுக்கு முதுகு வலி, சின்னவன் யார் குடுத்தாலும் சாப்பிட மாட்டான், வெள்ளிக்கிழம அனுப்புறாங்களாம், இப்பதான் நர்ஸம்மா சொன்னாங்க, நான் போயிடுவேன் என்றாள். கேட்டதற்கு அது பதில் இல்லை. ஓட்டிலியா மறுபடி கேட்டாள், வேறு சொற்களில். வேறு சொற்களில் வேறொரு சுத்தமான பதில் வந்தது. அவள் கற்றுக்கொண்ட எந்தக் கேள்வியும் அந்தப் பெண்ணுக்குப் புதிது இல்லை. நான் போய்ப் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடப்போகிறேன், உன்னை முன்பே தெரியும் என்று, நீ இங்கேயே இருக்க வேண்டும் என்றாள் ஓட்டிலியா. அப்போதுதான் விரல்கள் நின்றன.

“சொன்னீங்கன்னா நீங்க நம்ம ஊருக்கு டாக்டரா வர முடியாதுல்ல” என்றாள் நர்சிசா. கோபமில்லை, கெஞ்சலும் இல்லை, உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல். “அங்க அந்த ரூம் பூட்டியே கெடக்கு. நான் ரெண்டு மூணு தடவ போயிப் பாத்தேன். பலகை மட்டுந்தான் இருக்கு.”

போய்ப் பார்த்தாளாம். யாரும் இல்லாத கதவைத் தட்டிவிட்டு, தம்பிகளுக்குச் சமைக்கத் திரும்பிப் போயிருக்கிறாள், அப்போது ஓட்டிலியா இங்கே ஜெர்மன் வினைச்சொற்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். சின்னப் பெண் தலையைத் திருப்பி இருவரையும் மாறி மாறிப் பார்த்தது, ரிப்பன் போடுக்கா என்றது. நர்சிசா ரிப்பனைப் பல்லில் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டாள், பிறகு, எப்ப வருவீங்க என்று கேட்டாள்.

“கோடையில” என்றாள் ஓட்டிலியா. எங்கிருந்து வந்தது அந்தச் சொல், லைப்ஸிக்கில் வந்து சேரச் சொன்ன அதே கோடை, எவ்வளவு சீக்கிரம் வந்தது, எவ்வளவு இதமாக... நர்சிசா பின்னல் நுனியைத் தடவிச் சரிசெய்தாள். பிறகு, சரி டாக்டரம்மா என்று தலையாட்டினாள், பெரிய பண்டிகைக்குக் கட்டாயம் வந்துவிடுவேன் என்று இத்தாலியிலிருந்து அம்மா போனில் சொல்லும்போது எப்படிச் சரி என்பாளோ அப்படி. அவள் நம்பவில்லை, நம்பவில்லை என்பதைக் காட்டிக்கொள்ளாமல் தன்னை வலிக்காமல் போகவிடுகிறாள் என்பது ஓட்டிலியாவுக்குத் தெரிந்தது, தெரிந்தும் அந்தச் சிறு நாற்காலியிலிருந்து எழுவதா உட்கார்ந்திருப்பதா என்று தெரியவில்லை, அதற்குள் நர்சிசா அடுத்த பிள்ளையைக் கைகாட்டிக் கூப்பிட்டுவிட்டாள்.