சுவருக்கு இந்தப் பக்கம்

தற்கொலை செய்துகொண்ட ஜெபாவைக் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே புதைத்தார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் செல்போன் கம்பெனிக்குப் போய்வந்த பெண்.

"மனம் நொந்து போனவளை ஆண்டவர் வெளியே நிறுத்த மாட்டார். திருச்சபை இப்போது இப்படித்தான் போதிக்கிறது" என்றார் பங்குத் தந்தை அன்புராஜ்.

கூட்டம் கலைந்ததும் ஹெலன் அவரிடம் போனாள். இரும்பு ஆலை கேண்டீனில் பாத்திரம் கழுவுபவள்.

"அப்போ என் ஊட்டுக்காரரையும் உள்ள கொண்டாந்துடுங்க ஃபாதர்."

பதினான்கு வருடங்களுக்கு முன் அவள் கணவன் அந்தோணியும் அப்படித்தான் செத்தான். ஆலையில் கை போன ஆறாம் மாதம். அன்றிருந்த பங்குச் சாமியார் தோட்டத்துக்குள் புதைக்க ஒப்பவில்லை. கோயில் வேலைகளைப் பார்த்துவந்த உபதேசியார் பாக்கியநாதன் ஆள் வைத்து, தோட்டத்துச் சுவருக்கு வெளியே புதைத்தார். பெண்களை வரவிடவில்லை. சிலுவை நடவில்லை.

ஆறு வருடம் கழித்து, இடம் பற்றாமல் சுவரை இடித்துத் தள்ளிக் கட்டினார்கள். அந்தோணி புதுச் சுவருக்கும் அப்பால் இருப்பதாகப் பாக்கியநாதன் சொன்னார். ஹெலன் நம்பினாள்.

"எந்த இடம்?" தந்தை உபதேசியாரைக் கேட்டார்.

பாக்கியநாதன் வெளியே போகவில்லை. மூன்றாவது வரிசைக்கு நடந்து ஒரு கறுப்பு கிரானைட் கல்லறை முன் நின்றார். பங்குப் பேரவைச் செயலாளர் குணாவின் அம்மாவுடையது.

"இதான். சுவரு தள்ளனதுல உள்ள வந்துட்டான். இந்தம்மாவுக்குக் குழி வெட்டறப்போ அவன் எலும்பு வந்துச்சி. நான்தான் மூடச் சொன்னேன்."

ஹெலன் கல்லைப் பார்த்தாள்.

"எட்டு வருசமா லாரிக்காரனுங்க ஒண்ணுக்குப் போற எடத்துல மெழுகுவத்தி கொளுத்திக்கினு கீறேன். பாத்துக்கினுதான இருந்த உபதேசியாரே?"

"சொன்னா தோண்டி வெளிய போட்டிருப்பாங்கம்மா. அப்போ அது பாவம்."

"அப்போ பாவம், இப்போ இல்லியா? அந்தாளு ஒரே சாவுதான செத்தாரு?"



"பெயர் பொறித்து ஒரு கல் வைக்கலாம்" என்றார் தந்தை.

பாக்கியநாதன் வாசலைப் பார்த்தார். அங்கே குணா போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"அவங்கம்மா பக்கத்துல இவன் பேரா? பேஜாரு பண்ணிடுவான் ஃபாதர். மேல இருக்கறவங்க மாத்திட்டாங்க. இங்க யாரு மாறனது?"

"ஜெபாவை உள்ளே விட்டாரே குணா?"

"அது அவனோட அக்கா பொண்ணு."

தந்தை கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கல்லு வாணாம்" என்றாள் ஹெலன். "அன்னிக்கி அவருக்கு யாருமே ஜெபம் சொல்லல. அதையாவது சொல்லுங்க."

தந்தை புத்தகத்தைத் திறந்து அடக்க ஜெபத்தைப் படித்தார். பெயர் சொல்லவேண்டிய இடம் வந்தது. குணா பேசி முடித்து அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தான். தந்தை குரலைத் தாழ்த்தி அந்தோணியின் பெயரைச் சொன்னார்.

"சத்தமா சொல்லுங்க ஃபாதர்."

அவர் அதே குரலில் அடுத்த வரிக்குப் போனார்.