பதினைந்து கழுத்தெலும்பு

எண்பத்து மூன்றாம் வருஷப் பஞ்சத்தில் கருத்தையாவின் உழவுமாடுகள் இரண்டும் ஒரே வாரத்தில் செத்துப்போயின. வைக்கோல் கேட்டுப் போன இடமெல்லாம் கையை விரித்தார்கள். கூரையில் கிடந்த பழைய சோளத்தட்டையைக்கூட உருவிப் போட்டுப் பார்த்தார். இரண்டையும் ஓடைக்கரையில் போட்டுவிட்டு வந்தவர், அப்புறம் அந்தப் பக்கம் தலைவைக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து, கோவில்பட்டிப் பள்ளிக்கூடத்து விலங்கியல் வாத்தியார் பரமசிவன் தேடி வந்தார். கண்காட்சிக்கு நீளக்கழுத்து டைனோசர் செய்ய வேண்டும், அதற்கு மாட்டெலும்பு வேண்டும் என்றார். கருத்தையாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எடுத்துக்கிடுங்க சார்" என்றார்.

கண்காட்சிக்கு அவரைக் கூட்டிப்போனது மனைவி கோமதியம்மாள்தான். கூடத்தின் நடுவில் டைனோசரைக் கம்பியில் கோத்து நிறுத்தியிருந்தார்கள். களிமண்ணில் செய்த சின்னத் தலை.

"அசல் இதைவிட நாலு மடங்கு நீளம் அண்ணாச்சி" என்றார் பரமசிவன். "மாட்டுக்குக் கழுத்துல ஏழு எலும்பு. இதுக்குப் பதினஞ்சு. ஒங்க ரெண்டு மாட்டையும் சேத்துப் பதினாலு வந்துட்டு. ஒண்ணு மட்டும் மரத்துல செதுக்குனது. அசல் எலும்புக்குள்ள பொந்து பொந்தா காத்து இருக்கும். இல்லன்னா இம்புட்டுக் கழுத்தைத் தூக்க முடியாதுல்லா."

கருத்தையா விலாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு எலும்பில் முறிந்து கூடிய முண்டு இருந்தது. மயிலைக்காளை கன்றாக இருந்தபோது கிணற்றில் விழுந்து ஒடித்துக்கொண்டது. கோமதியம்மாளும் அதைப் பார்த்துவிட்டாள்.

"இது என்ன திங்கும் சார்?" என்றார் கருத்தையா.

"எலதழைதான். நின்ன எடத்துலயே நின்னுக்கிட்டு, கழுத்தை வீசிச் சுத்தி உள்ளதையெல்லாம் மேயும். மெல்லாது, அப்படியே முழுங்கிரும்."

"அம்புட்டுத் தீனி இருந்துச்சா?"

"எங்க பாத்தாலும் பச்சைதான்."

கடைசி நாளில் செவலைக்காளை வெறும் கல்தொட்டியை நக்கிக்கொண்டு நின்றது கருத்தையாவின் கண்முன் வந்தது. துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

பரமசிவன் பதறிப்போனார். "வேண்டாம்னா பிரிச்சுக் குடுத்திருதேன் அண்ணாச்சி."

"பிரிக்காதீங்க" என்றாள் கோமதியம்மாள். "ஓடையில கெடந்தா எலும்பு லாரிக்காரன் ஒரத்துக்கு அரைக்க அள்ளிட்டுப் போயிருவான். இங்கன ரெண்டும் சேந்து நிக்கட்டும்."

அடுத்த வாரம் இருவரும் வீட்டைப் பூட்டிவிட்டு, தூத்துக்குடிக்கு உப்பள வேலைக்குப் பஸ் ஏறினார்கள்.